முருகம்மாளின் மூன்று மாதம்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பத்து நாள் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். பெயர் ஜோதிலட்சுமி. கடையை மூடிவிட்டார்கள். அப்போதுதான் பைபிளைச் சின்னச் சின்ன மொழிகளில் மொழிபெயர்க்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மொழிபெயர்ப்பவர்களின் லேப்டாப், கீபோர்டு, எழுத்துரு, மென்பொருள் எல்லாம் ஒழுங்காக ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கோயிலுக்குப் போகிறவள் என்று இன்டர்வியூவிலேயே சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியவா போகுது" என்று சிரித்தபடி என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஜாய் அக்கா. இந்தப் பக்கத்து வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

சேர்ந்த மாதமே குற்றாலத்தில் ஐந்து நாள் பயிற்சி. விடுதி ஹாலில் என்னைப் போல எட்டுப் பேர். கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஏசுவடியான் சார் வந்திருந்தார். சொந்த ஊர் சுரண்டைப் பக்கம்தான். ஆனால் எதைக் கேட்டாலும், அதைப் போய்க் கேட்கிறாயே என்பது போல ஒரு சிரிப்பு சிரிப்பார்.

நிஜ மொழிபெயர்ப்பாளர் எப்படி வேலை செய்கிறார் என்று நாங்கள் பார்ப்பதற்காக முருகம்மாளையும் வரவழைத்திருந்தார்கள். சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரக் குடியிருப்பில் இருப்பவள். பத்தாவது வரை படித்தவள். தன் சனம் பேசும் மொழியில் ஒரு சுவிசேஷத்தை முடித்திருந்தாள்.

இந்த வேலையில் எழுதுவது பாதிதான். எழுதியதைச் சனத்திடம் உரக்க வாசித்துக் காட்டி, "என்ன விளங்குச்சு, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் தப்பாகத் திருப்பிச் சொன்னால் தப்பு அவர்களுடையது இல்லை, எழுதியவருடையது. உடனே திருத்த வேண்டும். முருகம்மாள் சித்திரையிலிருந்து மூன்று மாதம், கூலிக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை காத்துக் கிடந்து, வீடு வீடாக உட்கார்ந்து கேட்டுத் திருத்தியிருக்கிறாள். அத்தனை திருத்தமும் அவள் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அவள் ஊரில் சிக்னல் கிடையாது, சர்வருக்கு அனுப்ப வழியில்லை. பென்டிரைவில் இருந்தது பங்குனி மாதக் காப்பி. "புதுக் காப்பி குற்றாலத்துல எடுத்துக்கிடலாம்" என்று அவளிடம் சொல்லி வைத்ததும் எங்கள் நிறுவனத்து ஆட்கள்தான்.

மூன்றாம் நாள் பாடம், பழுதான லேப்டாப்பில் காப்பியிலிருந்து வேலையை மீட்பது. மீட்கும் பட்டனை அமுக்கினால், லேப்டாப்பில் இருப்பதன் மேலேயே காப்பியில் இருப்பது பதிந்துவிடும். இதற்கென்று வெறும் பயிற்சிக்கான கோப்பு ஒன்று உண்டு. சார் அதைக் கொண்டுவர மறந்துவிட்டார்.

"முருகம்மா மிசின்லயே செய்வோம். நிஜத்துல செஞ்சாத்தான் கை பழகும்" என்று அவள் பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து விடுதி வாட்ச்மேன் வாசலில் வந்து கத்தினார். "அருவியில குளிக்க விட்டுட்டாவ!"

வெள்ளம் என்று இரண்டு நாளாக அருவியில் யாரையும் விடவில்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் ஹாலில் பாதிப் பேர் தோளில் துண்டு ஏறிவிட்டது.

"சார், இப்ப இருக்கறத மொதல்ல ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன். இருவது நிமிசம் ஆவும்" என்றேன்.

"இருவது நிமிசத்துல மறுபடியும் தடை போட்டுருவானுவ சிஸ்டர். எல்லாம் சர்வர்ல கெடக்கும். அமுக்குங்க."

"அவ ஊர்ல சிக்னலே இல்லன்னு சொல்லுதா சார்."

"டெக்னீசியன்னாலே இந்தப் பயந்தான். அமுக்குங்க."

அமுக்கினேன்.

வெற்றிகரமாக மீட்கப்பட்டது என்று திரையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டே நிமிடத்தில் ஹால் காலி. பங்குனி மாத எழுத்து, ஆனி மாத எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

முருகம்மாள் குனிந்து இரண்டு மூன்று அதிகாரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இது பழசுல்லா" என்றாள்.

சோறு தண்ணி இல்லாமல் சாயங்காலம் வரை தேடினேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் போட்டும் துண்டு துண்டாகச் சில வரிகள்தான் கிடைத்தன. சார் எண்ணெய் தேய்த்துக் குளித்த மினுமினுப்போடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கர்த்தர் இதுலயும் ஒரு நன்மைய வச்சிருப்பாரு" என்றார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். தன் அலட்சியத்தைத் தூக்கி ஒருவர் சாமி தலையில் வைத்தால், எந்தச் சாமியாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது.

மறுநாள் பிரிண்டர் ஓடவில்லை என்று சார் கூப்பிட்டார். சரிசெய்தேன். ஜாய் அக்காவுக்கு அவர் எழுதிய அறிக்கை என் கையில்தான் வந்து விழுந்தது. "மொழிபெயர்ப்பாளர் முறையாகக் காப்பி எடுத்து வைக்காததால் மூன்று மாத வேலை இழப்பு. வேறு நபரைப் பரிசீலிக்கலாம்."

"சார், இது பொய்."

"உண்மைய எழுதினா டிரெயினிங்கையே நிறுத்திருவாங்க சிஸ்டர். அவளுக்கு வேற வேலை கெடைக்கும். நீங்க சேந்தும் ஒரு மாசந்தான ஆவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைசி நாள் சாட்சி நேரம். ஒவ்வொருவராக முன்னால் வந்து, இந்த ஐந்து நாளில் பெற்ற நன்மையைச் சொல்லி ஆண்டவருக்கும் சாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜாய் அக்கா வந்து முன்வரிசையில் இருந்தார். மடியில் அந்த அறிக்கை. "நீங்க சும்மா நன்றி மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் சார் என்னிடம்.

எழுந்து போனேன்.

"புதன்கிழமை முருகம்மாளோட மூணு மாச வேலைய அழிச்சது நான். அமுக்கச் சொன்னது சார். காப்பி எடுக்க இருவது நிமிசம் கேட்டேன். அருவியில விட்டுட்டாங்க, நேரமில்லன்னுட்டாரு. அவ மேல ஒரு தப்பும் கெடையாது. அந்தப் பேப்பர்ல எழுதியிருக்கறது பொய்."

"சிஸ்டர், இது சாட்சி நேரம்" என்று சார் பாதி எழுந்தார்.

"இருங்க பிரதர்" என்றார் ஜாய் அக்கா. அறிக்கையை எழுத்தெழுத்தாக வாசித்தார். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். "முருகம்மா, ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. ஜோதி உண்மையச் சொல்லிட்டா. நீங்க என்கூட ஆபீசுக்கு வந்து பேசுங்க பிரதர்."

சாருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது. ஒளிப்பானேன், பெருமையாகவே இருந்தது. முருகம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சார்ட்ட ரெண்டு தடவ சொன்னீங்க. நான் ஒங்க தோள ஒட்டித்தான் நின்னேன். அது என் மிசினு, என் எழுத்து. அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீங்களும் கேக்கல."

பட்டனை அமுக்குகிற நேரத்தில் நான் ஏறிட்டுப் பார்த்தது சார் முகத்தைத்தான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?" என்று ஜாய் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லிருப்பேன்" என்றாள் முருகம்மாள்.