நாலாவது பிளக்

சாட்சி சொல்லப் போகிற நாளன்று, யாருக்கு எதிராகச் சொல்ல வேண்டுமோ அந்த ஆளே தன் பியட் காரை ரிப்பேருக்குக் கொண்டுவந்து நிறுத்துவார் என்று வைகுண்டராஜ் கனவிலும் நினைக்கவில்லை.

மணி ஏழரை. ராஜபாளையத்தில் மெயின் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுப் பதினெட்டு வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவன் அவன். பத்தரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருக்க வேண்டும். சலவை வேட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "பஸ்ஸுல கூட்டத்தோட கூட்டமாப் போங்க. யாரு கூப்பிட்டாலும் எறங்காதிய" என்று நாலு தரம் சொல்லிவிட்டுத்தான் அவன் பெண்டாட்டி பரிபூரணம் காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போயிருந்தாள்.

கார் இருமி இருமி வந்து நின்றது. முன்கதவைத் திறந்து பஞ்சு வியாபாரி சமுத்திரம் இறங்கினார். பின்சீட்டிலிருந்து இரண்டு தடியன்கள் இறங்கிக் கொட்டகை வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

போன வருஷம், எண்பத்தாறில், செட்டியார்பட்டியில் சமுத்திரத்தின் பஞ்சு குடோன் எரிந்தது. உள்ளே காவலுக்குப் படுத்திருந்த ராக்கப்பன் கரிக்கட்டையானான். இன்சூரன்ஸுக்காக மூட்டிய தீ என்று ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சு கோர்ட்டில் நிற்குமா? கண்ணால் பார்த்தவன் ஒருத்தன்தான். ரோட்டில் நின்றுபோன லாரியைச் சரிபண்ணிவிட்டு விடியும் நேரம் சைக்கிளில் வந்த வைகுண்டராஜ், குடோன் கதவை வெளியே பூட்டிவிட்டுச் சமுத்திரம் நடந்து போனதைப் பார்த்தான். அவன் அரை மைல் தாண்டுவதற்குள் பின்னால் புகை.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார் சமுத்திரம். "வண்டி இழுக்க மாட்டேங்குது. செத்த பாத்துக் குடுங்க."

முன்பெல்லாம் இவனை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்குத் தம்பியாம், நீங்களாம். அந்த மரியாதைதான் வைகுண்டராஜுக்குச் சரியாகப் படவில்லை.

"இன்னைக்குக் கோர்ட்டு இருக்கே, அண்ணாச்சி."

"எனக்குந்தான் இருக்கு. அதான் வெள்ளனே வந்தேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தான். பானெட்டைத் தூக்கினான். பெட்ரோலுக்குப் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக் நாலும் துரு ஏறிக் கிடந்தன. எத்தனை வருஷமாகக் கழற்றவில்லையோ! டிரைவர் சோலைச்சாமி புது பிளக் நாலை எடுத்து நீட்டினான்.

"சூடா இருக்கு. இப்பக் கை வைக்க முடியாது" என்றான் வைகுண்டராஜ். அது சாக்கு அல்ல, அவனுடைய சட்டம். பியட் எஞ்சினின் தலைமூடி, அதாவது ஹெட், அலுமினியம். சூட்டோடு திருகினால் பிளக் ஹெட்டின் மரையையும் உருவிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் கழுத்தோடு முறியும். முறிந்தால் அடிப்பாதி ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ண இரண்டு நாளாகும்.

சைக்கிள் பம்பால் பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதினான். சூடு தணியத் தணிய, நாலின் அடியிலும் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தான். பிடிக்காத ஆளின் வண்டி என்பதற்காக வேலையைக் குறைத்துச் செய்ய அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு கிறுக்கு. சமுத்திரம் ஸ்டூலில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஹெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வைக்க முடிந்தது. முதல் பிளக்கில், குழாய் மாதிரி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் பாக்ஸ் ஸ்பானரை மாட்டி, இடப்பக்கம் ஒரு நூலிழை, வலப்பக்கம் ஒரு நூலிழை என்று அசைத்தான். கிரீச்சென்றது. நிறுத்தி, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி அசைத்தான். முனகிக்கொண்டே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது.

"பிரமாதம்" என்றார் சமுத்திரம். "ஒண்ணு பண்ணுவோம் தம்பி. வேலை முடிஞ்சதும் நம்ம வண்டியிலேயே ஏறிக்கிடுங்க. ஒரே எடத்துக்குத்தான போறோம்? பேசிக்கிட்டே போவோம்."

ஸ்பானர் வைகுண்டராஜின் கையிலிருந்து நழுவியது.

"நான் பஸ்ஸுல வாரேன், அண்ணாச்சி."

"இம்புட்டு வேலை பாத்தவுகளை பஸ்ஸுல விட்டுட்டுப் போனா எனக்கில்லா கேவலம்?" என்று சிரித்தார். வாசலில் நின்ற ஒருத்தன் ஆணியில் தொங்கிய வேட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், மூத்திரமே முட்டியது. இந்த வண்டியில் ஏறினால் கோர்ட்டுக்குப் போய்ச் சேரமாட்டோம் என்று அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வண்டி ஓடாவிட்டால்? எல்லாரும் பஸ்ஸில்தான் போயாக வேண்டும். பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள். பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் காயில் போய்விட்டது என்று புளுகலாம் என்றால், சோலைச்சாமி தோளோடு தோள் உரச நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் வண்டி தெரியும். ஆனால் முறிந்த பிளக்கை யாரும் மறுக்க முடியாது.

பதினெட்டு வருஷத்தில் ஒரு பிளக்கைக்கூட அவன் முறித்ததில்லை. மதுரைக்காரர்கள்கூடத் தேடி வருவார்கள். போகட்டும், எந்தப் பேரும் உயிருக்கு மேலா? நாலாவதை முறித்துவிட வேண்டியதுதான்.

ஸ்பானரை மாட்டினான். அசைந்தே கொடுக்கவில்லை. மற்ற மூன்றையும்விட இறுகிக் கிடந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். ஸ்பானரைத் திருப்பும் கம்பியான டாமி பாரில் இரண்டடி பைப்பைச் செருகி நீளமாக்கினான். ஸ்பானரை வேண்டுமென்றே கோணலாகச் சாய்த்தான். வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் காதைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பான். கண்ணை மூடி, காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தான்.

படக்கென்று ஒரு சத்தம். பைப் எதிர்ப்பில்லாமல் சுழன்றது.

முறிந்துவிட்டது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு நிம்மதி. "போச்சு, அண்ணாச்சி" என்றான் கண்ணைத் திறக்காமலே. "முறிஞ்சிட்டு. இனி வண்டி நகராது."

"எங்க முறிஞ்சிருக்கு?" என்றான் சோலைச்சாமி.

ஸ்பானரை அவனே நாலு சுற்றுச் சுற்றித் தூக்கிக் காட்டினான். உள்ளே முழுப் பிளக் இருந்தது. அதன் வெள்ளைப் பீங்கானில் ஒரு கீறல் இல்லை. மரையைச் சுற்றிக் கறுத்துப்போன பஞ்சு நூல், ஊறிக் குழைந்த சிவப்புப் பெயிண்டோடு புழு மாதிரி தொங்கியது.

சோலைச்சாமி தலையைச் சொறிந்தான். "நாந்தான் சுத்துனேன். மில்லுல பைப் ஃபிட்டரா இருந்தேம்லா? இந்தப் பிளக்குல புகை கசிஞ்சது. தண்ணிப் பைப்புக்குச் சுத்துத மாதிரி நூலைச் சுத்திப் பெயிண்டைப் பூசி முறுக்கிட்டேன். திட்டுவீயளேன்னு சொல்லல."

வைகுண்டராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரும்பு அலுமினியத்தைக் கடிக்கவே இல்லை. நூல்தான் இடையில் இருந்தது, பெயிண்டுதான் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பெயிண்டை ஒரு மணி நேரமாக மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்தது வேறு யாருமில்லை, அவனேதான்.

"முட்டாப்பய செஞ்ச வேலையும் நமக்கு நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு" என்றார் சமுத்திரம். ஸ்டூலிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தார். சோலைச்சாமி கையிலிருந்த ஸ்பானரையும், மற்ற மூன்றுக்கும் தேவைப்படாத அந்த இரண்டடி பைப்பையும் பார்த்தார். வைகுண்டராஜின் முகத்தையும் பார்த்தார். "புதுசை மாட்டு, ஏலே" என்றார்.

மாட்டினான். அப்போதும் மரை மாறி ஏறிவிடாமல் நாலையும் முதலில் விரலாலேயே திருகி, பிறகுதான் ஸ்பானர் வைத்தான். சோலைச்சாமி சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்தது.

வேட்டியை வைத்திருந்தவன் பின்கதவைத் திறந்தான். வைகுண்டராஜை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஒருத்தன் மடித்த வேட்டியை அவன் மடியில் மரியாதையாக வைத்தான்.

கார் ரோட்டில் ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கே. சோலைச்சாமி தெற்கே திருப்பினான். எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிறைய ஆட்களோடு அவர்களைக் கடந்து போயிற்று. நாலு சிலிண்டரும் ஒன்றுபோல அடித்தன. ஒரு குறை சொல்ல முடியாத வேலை.