வியாழனின் குழுப்படம்

வியாழன் என்பது கோள்களுள் மிகப் பெரியது. அது வாயுக்களால் ஆனது. எனவே அதற்குத் தரை கிடையாது. அதன் பழுப்புப் பட்டை ஒன்றில் நானும் என் மனைவி வடிவாம்பாளும் குடியிருந்தோம்.

நான் அம்மோனியா. அவள் ஹைட்ரஜன் சல்பைடு. எங்கள் திருமணத்தால் உண்டான மேகமே எங்கள் வீடு.

வியாழனில் பத்தில் ஒன்பது பேர் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது. இம்மூன்றும் அங்கே பெருமைகளாகக் கருதப்படுகின்றன. எஞ்சியோருள் பெரும்பாலோர் ஹீலியம். நாங்கள் 'மற்றவை' எனப்படுவோம்.

குடியிருப்போர் அனைவரையும் ஒரே படமாக எடுக்கவேண்டும் என்று சங்கம் ஆணையிட்டது. படத்தில் இல்லாதவர் கோளைக் காலி செய்யவேண்டும். ஆகவே நாங்களும் தலைவாரிக்கொண்டு சென்றோம்.

சங்கத் தலைவர் நல்லபெருமாள் இருவராக வந்தார். ஹைட்ரஜன் எப்போதும் இரட்டையாகவே இருக்கும். முன்வரிசையில் அவருக்கு இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. தரை இல்லாமையால், நாற்காலிகளைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர்.

"யாருய்யா அது? அழுகுன முட்டை நாத்தம் அடிக்குது" என்றார் தலைவர்.

"என் சம்சாரம்ங்க" என்றேன்.

"பின்னாடி போகச் சொல்லு. நீயும் போ. கண்ணு எரியுது."

"இவருக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று வடிவாம்பாள் என்னிடம் கேட்டாள். அது நியாயமான வினா.

நாங்கள் கடைசி வரிசைக்கும் பின்னே நின்றோம்.

புகைப்படக்காரர் நவநீதன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். "எல்லாரும் நல்லா ஒட்டி நில்லுங்க!"

"நாங்க யாரோடயும் ஒட்டுறதில்ல" என்றது ஹீலியம் வரிசை. வேறு சாதனை எதுவும் அவர்களுக்கு இல்லை.

"சரி, சிரிங்க."

தலைவர் இருமுறை சிரித்தார்.

படம் கழுவி வந்தது. அதில் காலி நாற்காலிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னே, வெகு தொலைவில், நானும் வடிவாம்பாளும் பழுப்பு நிறத்தில் தெளிவாக நின்றுகொண்டிருந்தோம். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"என்னய்யா எடுத்திருக்க?" என்றார் தலைவர்.

"இருக்கிறதுதானுங்க விழும்" என்றார் நவநீதன்.

தலைவர் தம்மோடு தாமே கலந்தாலோசித்தார். இருவரும் ஒருமனதாக இருந்தனர். அதன்பின் என் உருவத்தின் கீழே 'தலைவர் நல்லபெருமாள்' என்று எழுதப்பட்டது. வடிவாம்பாளின் கீழே 'மற்றும் பெருமக்கள்' என்று எழுதப்பட்டது.

"பாத்தியா, எவ்வளவு லட்சணமா விழுந்திருக்கேன்!"

கைதட்டல் எழுந்தது. அதற்கும் மணமில்லை.

"அப்ப நாங்க எங்கங்க?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் தேடுறேன். உங்க ரெண்டு பேரையும் காணோமேப்பா."

விதிப்படி நாங்கள் காலி செய்தோம். வீடு எங்கள் சேர்க்கையால் ஆனது. ஆகவே அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டோம். பழுப்பும் உடன் வந்தது. நிறத்தை விட்டுச்செல்லவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

வழியனுப்பத் தலைவரே நேரில் வந்திருப்பதாக ஒரு குரல் அறிவித்தது. மரியாதைக்காகத் திரும்பிப் பார்த்தோம். அந்தத் திசையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.