சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிடு. அவசரம்னா வந்து நிப்பாங்க."

"என்னன்னு சொல்லணும்? வயித்துல பிள்ளையோட ஒண்டியா இருக்கேன், வீட்ல ஆம்பள இல்லன்னு தண்டோரா போடவா?"

"எல்லாரையும் அந்தக் கண்ணோடயே பாக்காதடி."

"உங்களுக்கென்ன, கப்பல் ஏறிடுவீங்க. கதவுக்கு உள்ள இருக்கப்போறது நான்தானே?"

இந்த வீட்டுக்குக் குடிவந்த ஒரே வாரத்தில், பெட்டியைப் பூட்டியபடி கணவன் பேசியதும் அவள் வெடுக்கென்று பதில் சொன்னதும் இதுதான். மூன்று மாதம் ஓடிவிட்டது. கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்க்கும் கணவன் திரும்ப இன்னும் ஆறு வாரம். டாக்டர் குறித்த தேதிக்கோ நாலே வாரம். அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் இருப்பது இரண்டு நாள் பயணத் தொலைவில். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஓர் ஆள் வேண்டும். அதற்குக் கேட்க வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் அவள் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

அவள் பிறக்கும்போதே பயந்தவள் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன், நல்ல வெயிலில், பஸ் நிறுத்தத்தில் ஒருவன் மரியாதையாக மணி கேட்டான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்த நொடியில் பையைப் பிடித்து இழுத்தான். வார் கையில் சிக்கி, பத்தடி தூரம் தரையோடு தரையாக இழுபட்டாள். முழங்கைக் காயம் ஆறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றதுதான் ஆறவில்லை.

புதிய தெருவும் அந்தப் பயத்துக்குத் தோதாக அமைந்தது. தெருமுனை விளக்கு அவர்கள் வந்த நாளிலிருந்தே எரியவில்லை. எதிரே பாழடைந்து கிடந்த வீட்டின் ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. காற்றடித்தால் உள்ளே ஏதோ ஒரு கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். பட்டப்பகலிலும் எந்த வாசலிலும் ஒரு முகம் தெரியாது. தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஓயாத நடமாட்டம். "சிவப்புச் சட்டைக்காரன் ரெண்டு தடவ போனான்." "யாரும் கதவ தெறக்காதீங்க." அவன் எதைத் திருடினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் அவள் இல்லாத கணவனை இருப்பதாகக் காட்டத் தொடங்கினாள். அவன் செருப்பை வாசலில் வைத்து, தினமும் காலையில் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்வது அவள் வேலை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். வீடு முழுக்க ஆண்குரல். யாராவது மணி அடித்தால் காலி அறையைப் பார்த்துக் கத்துவாள்: "என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

இத்தனை செய்தும் அவளை நடுங்கவைத்தது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றைச் சுவர். அந்தப் பக்கத்துப் பெண் பல்செட் செய்பவள்; தெருவில் பல்லுக்காரி என்று பெயர். அவள் ஜன்னலில் ஈறும் பல்லுமாக வரிசையாகக் காயும். முகமே இல்லாத சிரிப்புகள். காலையிலிருந்து மெஷினில் எதையோ ராவும் சத்தம், எலும்பை அறுப்பதுபோல் சுவர் வழியே வரும். அது நின்றதும் பல்லுக்காரி தன் கணவனோடு பேசுவாள்.

"அந்தச் சட்டைய மாத்துங்களேன்... ஏன், இன்னிக்கும் சாப்பிடலையா?"

பதில் வராது. ஓர் இருமல்கூட வராது. குரல்களைப் பிரித்துக் கேட்டே பழகிய காது அவளுடையது. மூன்று மாதமாக அந்த மனிதன் ஒரு முறையும் வாய் திறக்கவில்லை. குழுவிலும் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பல்லுக்காரி வீட்டுக்காரர யாராவது பாத்திருக்கீங்களா?" யாரும் பார்த்ததில்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு கரண்ட் போனது. ஸ்பீக்கரில் டாக்டர் பாதி வாக்கியத்தில் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ராவும் சத்தம் அறுந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது. தன் மூச்சே தனக்குக் கேட்கிற அமைதி. அந்த அமைதியில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேட்டின் தாழ்ப்பாள் விலகியது. காலடிகள் இரண்டு வாசலுக்கும் நடுவே வந்து நின்றன. தட், தட்.

வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது: "என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

அதே சொற்கள். அதே நடுக்கம். சுவர்தான் பேசிவிட்டதோ என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காத்திருந்தாள். இந்த வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை. அந்த வீட்டிலும் யாரும் எழுந்து போகவில்லை.

"நல்லா இருக்கு கத!" என்றது வெளியே ஓர் அலுத்த குரல். "ரெண்டு வீட்லயும் பொண்டாட்டி கத்துறாங்க, ஒரு புருஷனாவது அசையறானா பாரு. தண்ணி மீட்டர் பாக்க வந்தேன். பாத்தாச்சு. நீங்க தூங்குங்க சார்!"

கேட் சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து, சுவருக்கு வெகு அருகில், தணிந்த குரல் ஒன்று கேட்டது.

"ஏம்மா... உங்க வீட்லயும் யாரும் இல்லையா?"

யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடாதீர்கள் என்று குழுவில் எச்சரித்த அதே கேள்வி. பொய் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தக் குரலின் நடுக்கம் அவளுக்கு ரொம்பப் பழக்கமாக இருந்தது.

"இல்லக்கா. யாருமே இல்ல."

இரண்டு கதவுகளும் விரற்கடை அளவு திறந்தன. பிறகு முழுதாகத் திறந்தன. முழங்கை வரை வெள்ளைப் பொடி படிந்த, நாற்பது வயதுக்காரி ஒருத்தி நின்றாள். அவள் வாசலிலும் ஒரு ஜோடி ஆண் செருப்பு.

"அப்ப... அவரு எங்கக்கா?"

"போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு. அதுக்கப்புறந்தான் இங்க குடிவந்தேன். திருடன் நம்பணுமேன்னு பேச ஆரம்பிச்சேன். பழகிப்போச்சு, இப்ப நிறுத்த மனசு வரல." கண்ணைத் துடைக்கப்போய் பொடியை அப்பிக்கொண்டாள். "நீ மட்டும் என்னவாம்? தெனம் ஒரு ஆம்பள குரல். ரத்தம்ங்கிறான், கட்டிங்கிறான், நாலு அங்குலம் கீறினேங்கிறான். கொலகாரக் கும்பல்னு நெனச்சு தெனம் ராத்திரி அலமாரிய இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் படுக்கறேன்!"

"ஐயோ, அது டாக்டருங்கக்கா! நீங்க மட்டும்? ஜன்னல்ல பல்லப் பல்லக் காட்டிட்டு!"

"அது என் பொழப்புடி!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீடுகளில் சில ஜன்னல்கள் பயத்தோடு திறந்தன. பல்லுக்காரி அவற்றை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வந்து ரெண்டு வருஷத்துல இங்க ஒரு கரண்டிகூடக் காணாமப் போனதில்ல. திருட்டு நடக்காதுன்னு சொல்லல. பூட்ட வேண்டியதப் பூட்டத்தான் வேணும். ஆனா மனுஷங்களையும் சேத்துப் பூட்டிட்டா, பக்கத்து வீட்டுக்காரியே கொலகாரியாத்தான் தெரிவா. முகம் பழகாத தெருவுலதான் பயம் குடியேறும். நாளைக்கு ரெண்டு பேருமாப் போயி அந்த வெளக்குக்கு எழுதிக் குடுப்போம். பாழடஞ்ச வீட்டுக்கும் ஒரு வழி கேப்போம்."

எதிர்வீட்டில் அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் திடுக்கிட்டாள். பயம் ஒரே நாளில் விட்டுப்போய்விடுமா என்ன? ஆனால் இம்முறை அவள் உள்ளே ஓடவில்லை. பல்லுக்காரியின் பொடி படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு நாலு வாரத்துல தேதி. அவரு வர ஆறு வாரம் ஆகும். வலி எடுத்தா சொவத்தத் தட்டுறேன்... எங்கூட ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?"