உள்ளே யாரும் இல்லை

அந்தப் படம் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம், மில் காலனியில் பஸ் டிரைவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு கதவு முளைத்தது. பச்சை பெயிண்ட் அடித்த ஒற்றைக் கதவு. பித்தளைத் தாழ்ப்பாள், கீழ்ப்பக்கம் பிறாண்டிய மாதிரி நாலைந்து கீறல், அடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. டிரைவர் அங்கே போய்ப் பார்த்தார். வாளி மாட்டுகிற ஆணி இருந்தது, கதவு இல்லை. திரும்பி வந்தால் அவர் மனைவி சுவரோரம் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"கதவு திறக்க இடம் வேணும்ல."

அது எந்தக் கதவு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்தவுடனே தெரிந்தது. படத்தில் வந்த கதவு.

காலனிக்காரர்கள் சினிமா பார்க்கிற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தியேட்டர் டவுனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மில் பஸ்ஸிலேயே கூட்டிப்போவார்கள். அதே பஸ்தான் திரும்பி வந்து இரண்டாம் ஷிப்டு ஆட்களை ஏற்ற வேண்டும். அதனால் படம் முடிய ஐந்து பத்து நிமிஷம் இருக்கும்போதே டிரைவர் எழுந்து போய் ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். ஹால் காலியானதும் ஆபரேட்டரும் மிஷினை நிறுத்திவிடுவார், யாருக்காக ஓட்டுவது. ஆக, காலனியில் எந்தப் படத்தின் முடிவையும் யாரும் பார்த்ததில்லை. அதில் யாருக்கும் குறையும் இல்லை. பஸ் ஏறியதும் முடிவைப் பேசியே முடித்துக்கொள்வார்கள். "போலீஸ் வந்திருக்கும்," "கல்யாணம் ஆயிருக்கும்," "தம்பிதான்னு தெரிஞ்சு அழுதிருப்பான்." காலனி மேடு ஏறுவதற்குள் முடிவு தயார். டிரைவருக்கு ஹாரன் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் மனைவி, காலனிப் பெண்களுக்கெல்லாம் துணி தைப்பவள், மட்டும் எப்போதாவது சொல்வாள், "ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் உட்கார விடுங்களேன்." அவர் சிரித்துக்கொள்வார்.

அந்தப் படம் அப்படிப் பேசி முடிகிற படமாக இல்லை. ஒரு பெண், அவள் புருஷன், ஒரு பெரிய வீடு, ஒரு நடை, நடையின் கோடியில் பச்சைக் கதவு. அந்தப் பெண் பாத்திரம் கழுவுவாள், கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள், மறுபடி கழுவுவாள். கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பாள். புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் யாரும் இல்லை என்பான். படம் முழுக்க இவ்வளவுதான். கடைசியில் அவன் யாருக்கோ போன் போடுவான், அவள் நடந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைப்பாள். அப்போது ஹாரன்.

முதல் ஞாயிறு பஸ்ஸில் அடிதடி வராத குறை. "ரெண்டு மணி நேரம் பாத்திரம் கழுவறதைப் பார்க்கவா நான் வந்தேன்? அதைத்தான் வீட்ல தினம் பார்க்கறேனே" என்றார் மருந்துக்கடைக்காரர். "பார்க்கறீங்கள்ல, ஒருநாளாவது கூட நின்னு கழுவினீங்களா?" என்றது பின்சீட்டிலிருந்து அவர் மனைவியின் குரல். பேய்ப்படம் என்று போஸ்டர் ஒட்டிப் பேயையே காட்டாமல் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கட்சி. காட்டியிருந்தால் பயமே போயிருக்கும் என்று இன்னொரு கட்சி. கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் மூளை கலங்கிப்போச்சு என்றார் வாத்தியார். "நல்லா இருந்தவளை, உள்ள இருக்கற ஆளை இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லியே கலங்க வச்சான் அந்த ஆளு" என்றாள் வாத்தியார் மனைவி. தையல்காரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள், "உள்ள ஆள் இருக்கு. எனக்கே மூச்சு கேட்டுச்சு." ஸ்டியரிங்கிலிருந்து டிரைவர் சத்தமாகச் சொன்னார், "உள்ள யாரும் இல்ல. வேற பேச்சுப் பேசுங்க."

யார் சொல்வது சரி என்று பார்க்க அடுத்த ஞாயிறும் போனார்கள், அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டம் பார்க்காத தியேட்டர்காரர் படத்தை எடுக்கவே இல்லை. ஹாரன் அடித்ததும் எல்லாரும் எழுந்துதான் வந்தார்கள். ஒருவராவது உட்கார்ந்து முடிவைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு கட்சிக்கும், தான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

டிரைவர் வீட்டுக்கு அடுத்து வாத்தியார் வீட்டில் கதவு வந்தது, அப்புறம் மருந்துக்கடைக்காரர் வீட்டில், அப்புறம் வரிசையாக. படம் பார்த்த இருவர் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து, ஒருவர் உள்ளே ஆள் இருக்கிறது என்றும் ஒருவர் இல்லை என்றும் சொன்னால் அந்த வீட்டில் கதவு. ஒரே கருத்தான வீடுகளில் சுவர் சுவராகவே இருந்தது. தனிக்கட்டைகள் தப்பித்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர் மட்டும் தனி ஆளாக இருந்தும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று பேசியதால், அவர் வீட்டுக் கதவு காலையில் இல்லாமலும் மாலையில் இருந்தும் தொல்லை கொடுத்தது. இல்லை என்று சொன்னவர்கள் தாழ்ப்பாளை நீக்கித் திறந்து பார்த்தார்கள். செங்கல்தான் தெரிந்தது. "பார்த்தியா?" என்றார்கள். இருக்கிறது என்று சொன்னவர்கள் யாரும் திறக்கத் துணியவில்லை. இரண்டே வாரத்தில் பழகிப்போய், சிலர் தாழ்ப்பாளில் துண்டு காயப்போட ஆரம்பித்தார்கள்.

வாத்தியார் வீட்டுப் பூனைக்குக் கதவடியில் புகுந்து போய்வருவது வழக்கமாகிவிட்டது. போகும்போது ஈரமில்லாமல் போகும், வரும்போது நனைந்து வரும். ஒரு சாயங்காலம் சண்டை தாங்காமல் வாத்தியார், "சரிம்மா, சரி, இருக்காங்க. ஆளை விடு" என்றார். மனசார ஒன்றும் சொல்லவில்லை. கதவு மனசைப் பார்க்கவில்லை, வாய் சொன்னதை எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் சுவர் வெள்ளையடித்த சுவராக நின்றது. தாழ்ப்பாளில் தொங்கிய துண்டும் போயிற்று, அதோடு மாட்டியிருந்த வீட்டுச் சாவியும் போயிற்று. பூனை அப்போது உள்ளே இருந்தது. வாத்தியார் மறுபடி இல்லை என்றார், ஊர் கேட்கக் கத்திச் சொன்னார். கதவு வரவில்லை. ஒருமுறை போன கதவு திரும்பி வருவதில்லை என்று காலனி தெரிந்துகொண்டது அப்படித்தான். வாத்தியார் மனைவி அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இப்போது இருவரும் ஒரே கருத்து. பேசிக்கொள்வதுதான் இல்லை.

டிரைவர் வீட்டில் நிலைமை வேறு விதமாகப் போனது. தையல்காரி மிஷினைச் சமையலறைக்கே தூக்கிவந்துவிட்டாள். நாலு தையல் ஓட்டுவாள், மிதியை நிறுத்துவாள், காது கொடுப்பாள். பாவாடைகள் பாதியில் நின்றன. "உள்ள ஒருத்தி நிக்கறா. கை நடுங்குது போல, தாழ்ப்பாள் லேசா ஆடுது பாருங்க" என்பாள். அவருக்கு ஆடுவதாகத் தெரியவில்லை. ஆடுகிறதா என்று உற்றுப் பார்க்கவும் அவர் விரும்பவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் தூக்க மாத்திரை வாங்கி வந்தார். அவள் அதை மிஷின் டிராயரில் பட்டன்களோடு போட்டு வைத்தாள். ஒருநாள் அவர் வாசலில் நின்று அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டார். "மச்சான், அவளுக்கு உடம்பு சரியில்ல. இல்ல, காய்ச்சல் இல்ல. உங்க வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டும். அங்க ஒரு டாக்டர் இருக்காராமே, அந்த மாதிரி ஆளுங்களைப் பார்க்கறவர். ஆமா, திங்கக்கிழமை வண்டியோட வாங்க." அவள் சமையலறையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டாள்.

"படத்துல அவனும் கடைசியில இப்படித்தான் யாருக்கோ போன் பண்ணுவான்" என்றாள்.

"நீ இன்னும் அந்தப் படத்தை விடலையா?"

"நான் விட்டாலும் அது விடல. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன். திங்கக்கிழமை அண்ணன் கூப்பிட்ட இடத்துக்குப் போறேன்." பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள். "ரெண்டாவது பட்டன் தொங்குது. கழட்டி வைங்க, தச்சுத் தரேன்." டூட்டிக்கு நேரமாச்சு என்று அவர் கழற்றவில்லை.

அந்த ஞாயிறு நடந்ததைச் சொன்னவர் ஆபரேட்டர். அவர் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. ஹாரன் அடித்தது, கூட்டம் எழுந்தது. நாலாவது வரிசையில் ஒரு தலை மட்டும் எழவில்லை. டிக்கெட் வாங்கின ஆள் உட்கார்ந்திருக்கும்போது மிஷினை நிறுத்த முடியாது என்பதால் ஓட்டினார். திரையில் அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, எல்லாரும் போன வீட்டில் யாரோ மிச்சம் இருப்பது தெரிந்து பார்க்கிற மாதிரி, தலையைத் திருப்பி ஹாலைப் பார்த்தாள்.

"நீங்க போகலையாக்கா?"

"இல்லம்மா, இருக்கேன்" என்றாள் தையல்காரி.

"கை மரத்துப்போச்சுக்கா. எத்தனை வாரமா இப்படியே நிக்கறேன். கொஞ்சம் வந்து பிடிக்கறீங்களா?"

தையல்காரி செருப்பைச் சீட்டுக்கு அடியில் கழற்றி விட்டாள். தையல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்து போனாள். திரைக்குக் கீழே படிக்கட்டு கிடையாது. ஏறினாள். அதற்குப் பிறகு திரையில் இரண்டு முதுகுகள் தெரிந்தன, தாழ்ப்பாளில் இரண்டு கைகள். படம் முடிந்தது.

வெளியே பஸ்ஸில், "அண்ணி வரலையேண்ணா" என்றார்கள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார், அப்புறம் கையை எடுக்காமல் அடித்தார், அப்புறம் கோபமாக உள்ளே போனார். போனவர் வெள்ளைத் திரையையும் ஒரு ஜோடி செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபரேட்டர் இறங்கி வந்து நடந்ததைச் சொன்னார்.

"கடைசியில என்னதான் ஆச்சு? கதவு திறந்துச்சா?" என்று கேட்டார் டிரைவர்.

"இல்லண்ணே. அவ்வளவுதான் படமே. தாழ்ப்பாள்ல கை வைக்கறதோட முடிச்சுட்டான். திறக்கறதுக்கு இதுக்கு மேல ரீல் இல்ல."

மில் பஸ் முதல் தடவையாகத் தாமதமாக வந்தது. இரண்டாம் ஷிப்டு ஆட்கள் திட்டுவதற்காக வாயைத் திறந்து, டிரைவர் கையில் செருப்பைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். அவர் வீட்டுக்கு ஓடினார். தாழ்ப்பாளை நீக்கித் திறந்தார். செங்கல். மூடினார். மூடியதும் கதவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. இரண்டு பேர் மூச்சு. அதில் ஒன்று அவருக்குத் தெரிந்த மூச்சு.

"என்னங்க, வந்துட்டீங்களா?" என்றது கதவுப் பக்கமிருந்து அவள் குரல்.

நீ உள்ளேயா இருக்கிறாய் என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். உள்ளே இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், வீட்டில் இருவருக்கும் ஒரே கருத்தாகிவிடும். வாத்தியார் வீட்டு வெள்ளைச் சுவரும், அதில் காது வைத்து நிற்கிற வாத்தியார் மனைவியும் அவர் கண்ணுக்குள் வந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் நிறுத்தியதில்லை.

"உள்ள யாரும் இல்ல" என்றார்.

அவள் எப்போதும் அவரைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறவள்.

"இருக்காங்க" என்றாள்.

"இல்ல."

"இருக்காங்கன்னு சொல்றேன்ல."

கதவு அப்படியே நின்றது.

திங்கட்கிழமை அண்ணன் வண்டியோடு வந்தார். தங்கச்சி எங்கே என்றார். டிரைவர் சமையலறையைக் காட்டி, "உள்ள யாரும் இல்ல மச்சான்" என்று அழுதார். உள்ளேயிருந்து, "இருக்காங்கண்ணா. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அண்ணன் கதவைப் பார்த்தபடியே டீயைக் குடித்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த வாரமே படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெட்டி எந்த ஊருக்குப் போனது என்று தெரியவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம், இப்போது அந்தப் படத்தில் கடைசியில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள் என்றும், இரண்டாவது ஆள் யார் என்று பஸ்ஸில் சண்டை நடக்கிறது என்றும் மட்டும் சொன்னார்கள்.

சண்டை போட அலுத்துப்போய் மற்ற வீடுகளில் ஒவ்வொரு கதவாக மறைந்தது. டிரைவர் வீட்டுக் கதவு மட்டும் நின்றது. டிரைவர் பிறகு ஹாரன் அடிக்கவில்லை. படம் முழுதாக முடிந்து கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் பஸ்ஸை எடுத்தார். ஷிப்டு நேரத்தை மில்லே மாற்றிக்கொண்டது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றினார். "இருக்கா, அவ உள்ளதான் இரு..." என்று ஆரம்பித்தபோது, துணைக்கு உட்கார்ந்திருந்த வாத்தியார் மனைவி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். காய்ச்சல் இறங்கும் வரைக்கும் காலனிப் பெண்கள் முறை வைத்து அவர் வாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் ரிட்டயர் ஆனபோது மில் அந்த வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தச் சமையலறையோடு அதில் குடிவர அடுத்த டிரைவரின் மனைவி தயாராக இல்லை.

இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அவர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே யாரும் இல்லை என்கிறார். இருக்காங்க என்று பதில் வருகிறது. சில நாள் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. சில நாள் பதில் இன்னொரு பெண்ணின் குரலில் வரும். அவள் தூங்குகிறாள் போல என்று எடுத்துக்கொள்வார். புதிதாகக் குடிவந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், அது அவங்க வீட்டுப் பேச்சு என்பார்கள் காலனியில்.

அவள் திரையில் ஏறிப்போன முதல் வாரத்தில் ஒருநாள், யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துக் கதவடியில் தள்ளிவிட்டார். விடிந்ததும் அது வெளியே கிடந்தது, லேசாக நனைந்து. இரண்டாவது பட்டன் தைத்திருந்தது. நூல் மட்டும் பச்சை. அதைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார்.