அரிகிருஷ்ணன் வீட்டு கீபேட்

"மறுபடியும் நீயேதானா?" என்று கேட்டுக்கொண்டேதான் அரிகிருஷ்ணன் கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, வழியும் விடவில்லை.

"ஆமா சார்," என்றாள் வெண்மதி. தோளில் தொங்கிய டூல் பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து உள்ளே போனாள்.

திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அந்த மாடி வீட்டுக்கு அவள் பத்து நாளில் மூன்றாவது தடவையாக வருகிறாள். இடி இறங்கி வீட்டு அலாரத்தின் கீபேட் கருகிப்போயிருந்தது. வாசல் கதவோரம் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி அது. நாலு நம்பர் அழுத்தினால் அலாரம் விழித்துக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் தூங்கும். முதல் தடவை வந்தபோது வெண்மதி புதுசு ஒன்று மாட்டினாள். வெளிச்சம் வந்தது, சத்தம் வந்தது, சொன்ன பேச்சு மட்டும் கேட்கவில்லை. நாலு நம்பர் தட்டினால் ரெண்டுதான் ஏறியது. யாரும் தொடாத நேரத்தில் தானாகக் கூவியது. இரண்டாவது தடவை ஒயர்களை எல்லாம் கழற்றித் திரும்ப முறுக்கி, கீபேடையும் வேறொன்று மாற்றிப் பார்த்தாள். அதுவும் அதே கூத்து ஆடியது. மறுநாள் பட்டப்பகலில் சைரன் அலறி, தெருவே வந்து வாசலில் நின்றது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் அலாரம், கேமரா கடை வைத்திருக்கும் அவள் முதலாளி தேவேந்திரன் இன்று காலையில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "சாயந்தரத்துக்குள்ள அந்தாளு வீட்ல கையெழுத்து வாங்கினு வா. இல்லன்னா பைய இங்க வெச்சுட்டு, பழையபடி கவுன்ட்டர்ல உக்காந்து சார்ஜர் வித்துக்க. வெளி வேலைக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

சர்வீஸ் புத்தகத்தில் 'வேலை முடிந்தது' என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். டிப்ளமோ முடித்துவிட்டு அந்தக் கவுன்ட்டர் ஸ்டூலில் ரெண்டு வருஷம் உட்கார்ந்தவள் வெண்மதி. இந்தப் பை அவள் தோளுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"இன்னிக்காவது அலாரத்தோட மெயின் பெட்டியத் திறந்து பாக்கணும் சார்," என்றாள்.

"அது பூஜை ரூம்ல இருக்குது."

"தெரியும் சார். அஞ்சு நிமிஷம்."

"அங்க நீ போவக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லியா?"

சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டார். தளவானூர் என்றதும், தளவானூரில் ஊரா காலனியா என்று கேட்டார். காலனி என்றாள் வெண்மதி. அதற்குப் பிறகுதான் பூஜை ரூம் சட்டம் வந்தது.

அவள் கீபேடின் மூடியைக் கழற்றினாள். கரன்ட் சரியாக வருகிறது. ஒயர் நாலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ரெண்டு புது கீபேடும் ஒரே மாதிரி கெட்டுப்போக வாய்ப்பில்லை. அப்படியானால் கோளாறு கீபேடில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

"சார், இந்த வீட்ல வேற கீபேட் ஏதாவது இருக்குதா?"

"எத்தினி வாட்டி கேப்ப? இல்ல. இல்லவே இல்ல. வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, சும்மா கேள்வி கேட்டுக்கினு."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சுந்தராம்பாள் வாயைத் திறந்தார். அரிகிருஷ்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

வெண்மதி மூடியை மாட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினாள். கீக் என்றது. கூடவே எங்கோ இன்னொரு கீக். எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த ஹாலின் குறுக்கே பூசாத செங்கல் சுவர் ஒன்று, ஜன்னலைப் பாதியாக வெட்டிக்கொண்டு போயிற்று. ஒருவேளை அதில் மோதித் திரும்புகிறதோ என்னவோ. மூன்று தடவை அழுத்தினாள். மூன்று தடவையும் சுவர் பதில் சொன்னது. கையை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீக். இப்போது முதலில் கூவியது சுவர்தான். அதைத் தொடர்ந்து அவள் முகத்துக்கு நேராக இருந்த கீபேட் தானாகக் கூவி, ஏழு என்று காட்டியது.

"யாருய்யா அது, என் வீட்டு நம்பரத் தட்டி வெளையாடறது?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது.

வெண்மதி மெதுவாகத் திரும்பி அரிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"அதான் பின்கட்டுக் கதவாண்ட ஒண்ணு இருந்திச்சே," என்றார் சுந்தராம்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இப்ப அது சின்னவரு பக்கம்."

"வாய மூடு."

ரெண்டு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது வைத்த சுவர் அது. அந்தப் பக்கம் தம்பி பார்த்திபன். அன்றையிலிருந்து பேச்சுவார்த்தை அறுந்தது. பாகமும் சரியில்லை என்று செஞ்சி கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றியோ சாமான்களைப் பற்றியோ இந்தப் பக்கம் யாரும் வாயெடுக்கக் கூடாது. சுவருக்கு அப்பால் போனது எதுவும் அரிகிருஷ்ணனுக்கு இல்லாததுதான். இல்லை என்று அவர் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றியிருக்காது. ஆனால் கதவும் ஜன்னலும் மாடிப்படியும் பிரிந்த அந்த வீட்டில், அலாரத்தைப் பிரிக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பத்து நாளா என்னை நாயா அலைய வெச்சீங்களே சார்," என்றாள் வெண்மதி. "ஒரு மெயின் பெட்டிக்குக் கீழ எத்தினி கீபேட் இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் வேணும். புதுசு எல்லாமே ஒண்ணாம் நம்பரோடதான் வரும். அந்தப் பக்கம் இருக்கறதும் ஒண்ணாம் நம்பர்தான், கருகிப்போனது ரெண்டா இருந்திருக்கும். ஒரே பேருக்கு ரெண்டு பேரு 'உள்ளேன் ஐயா' சொன்னா பெட்டி யார் பேச்சக் கேக்கும்?"

ரெண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நம்பர் மின்னியது. ஒன்றை ரெண்டாக்கினாள். "இப்ப உங்க நம்பரப் போடுங்க."

அரிகிருஷ்ணன் தட்டினார். நாலும் ஏறியது. திரும்பத் தட்டினார். அலாரம் அடங்கியது. சுவர் வாய் திறக்கவில்லை.

"யம்மா டெக்னீசியன்!" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அப்போ இத்தினி நாளா அவரு வீட்டு அலாரத்த ஆஃப் பண்ணினு இருந்தது நான்தானா? முன்னாடியே சொல்லியிருந்தா வேளா வேளைக்குப் பண்ணியிருப்பேனே!"

சர்வீஸ் புத்தகத்தை நீட்டிய வெண்மதியின் கையை அரிகிருஷ்ணன் தள்ளிவிட்டார்.

"பூஜை ரூமுக்குப் போ. பெட்டியத் தொற. அவன் லைன வெட்டிவுடு."

"அங்க நான் போவக் கூடாதுன்னீங்க."

"இப்ப நான்தான போவச் சொல்றேன்."

"வெட்டுனா அந்தப் பக்கத்துக் கதவு, ஜன்னல் எதுக்கும் காவல் இருக்காது சார். அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"அதான் எனக்கு வேணும்."

வெண்மதி புத்தகத்தைப் பிரித்துப் பேனாவை மேலே வைத்தாள். "அப்ப எழுதிக் குடுங்க. பக்கத்து பாகத்து லைனை என் சொல்படி வெட்டினதுன்னு. கீழ கையெழுத்து."

அவர் பேனாவைப் பார்த்தார். தொடவில்லை. கேஸ் நடக்கிற வீட்டில் அப்படி ஒரு காகிதம் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்கே சட்டம் பேசறியா? உங்களையெல்லாம் வாசப்படி தாண்ட வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும். வெட்டலன்னா கையெழுத்தும் கிடையாது. தேவேந்திரனுக்குப் போன் போட்டு, நீ வந்து ஒண்ணும் கிழிக்கலன்னு சொல்றேன். போ."

கவுன்ட்டரும் ஸ்டூலும் கண்ணாடி அலமாரியில் தொங்கும் சார்ஜர்களும் வெண்மதியின் கண்ணுக்குள் வந்து நின்றன. திரும்பிப் போய் கீபேடின் ரெண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்தாள்.

"இன்னா பண்ற?"

"மறுபடி ஒண்ணாம் நம்பராக்கி, நான் வந்தப்ப எப்படி இருந்திச்சோ அப்படியே வெச்சுட்டேன் சார். ஒண்ணும் கிழிக்கலன்னு போன்ல சொல்லப் போறீங்க. நீங்க சொல்றது பொய்யாவக் கூடாது இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, கீபேட் கூவத் தொடங்கியது. அந்தப் பக்கம் பார்த்திபன் வேண்டுமென்றே அலாரத்தை எழுப்பினாரோ, தெரியாமல் எழுப்பினாரோ, ஹாலில் ஆள் நடமாடுவதைச் சென்சார் கண்டுகொண்டதும் மாடியில் சைரன் அலறியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ, "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டாங்கப்பா," என்றார்கள். அரிகிருஷ்ணன் கீபேடைக் கையால் அறைந்தார். அது இன்னும் சந்தோஷமாகக் கூவியது.

சுந்தராம்பாள் சமையல்கட்டிலிருந்து விறுவிறுவென்று வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்.

"நான் போட்டா செல்லுமா?" சைரனுக்கு மேலே கத்திக் கேட்டார்.

"வீட்ல இருக்கறவங்க யாரு போட்டாலும் செல்லும்."

"ஏய், இன்னாடி பண்ற நீ?" என்றார் அரிகிருஷ்ணன்.

"நீங்க கடைக்குப் போயிடுவீங்க. பகலெல்லாம் இந்த எழவோட கெடக்கறது யாரு?" நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதி முடித்து, புத்தகத்தை வெண்மதியிடம் நீட்டினார். "போட்டாச்சு. சரி பண்ணிட்டுக் கெளம்பு. தண்ணி கிண்ணி கேட்டுக்கினு நிக்காத."

"நான் கேக்கலியே," என்றாள் வெண்மதி.

நம்பரை ரெண்டுக்கு மாற்றினாள். அரிகிருஷ்ணன்தான் வந்து தட்ட வேண்டியிருந்தது. அவள் பக்கம் பார்க்காமல் நாலு நம்பரைத் தட்டினார். சைரன் நின்ற பிறகும் ரொம்ப நேரம் காது இரைந்தது. அவள் செருப்பில் கால் நுழைப்பதற்குள் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் தேவேந்திரனின் போன் வந்துவிட்டது.

"இன்னா வெண்மதி பண்ணித் தொலைச்ச? அந்தாளு போன்ல என் பரம்பரையவே இழுக்கறாரு. இனிமே அந்தப் பொண்ண அனுப்புனா கால ஒடிப்பேங்கறாரு."

"கையெழுத்து இருக்குதுண்ணா."

"யாரு, அவரா போட்டாரு?"

"அவங்க வீட்டம்மா."

போனில் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

"ஓடுதா அது?"

"ஓடுதுண்ணா. வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க."

"நான் எதுக்குப் போறேன் அந்த மனுஷன் மூஞ்சில முழிக்க?" என்று எரிந்து விழுந்தார். பிறகு, "அவலூர்பேட்டைல அரிசிக் கடைல கேமரா ஒண்ணு படம் காட்டலியாம். மூணு மணிக்குள்ள போவணும். முடியுமா, இல்ல அங்கயும் போய் சண்டை போடுவியா?"

வெண்மதி ரோட்டை எட்டிப் பார்த்தாள். பஸ் கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை.

"ஏறிட்டேண்ணா," என்றாள்.