மறுமணம் ஆகாத சான்று

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதம் ஹேமாவதி தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கென்று அரைத் தாளில் ஒரு ஃபாரம் உண்டு. 'மேற்படி விதவை மறுமணம் செய்துகொள்ளவில்லை எனச் சான்றளிக்கிறோம்' என்று அச்சடித்திருக்கும். கீழே கிராம நிர்வாக அலுவலர் ஒரு கையெழுத்து, ஊரில் மதிப்புள்ள பெரியவர்கள் இருவர் ஆளுக்கொரு கையெழுத்து. மதிப்புள்ள பெரியவர்களாம்! அதில் முதல் ஆள் நாட்டாமை நல்லகண்ணு. அந்த மனுஷன் பேனா மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவள் கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். ஏழு வருஷமாக அதே பார்வை. ஒளித்துவைத்த தாலி ஏதாவது எட்டிப்பார்க்குமோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் கோழிக் கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போடுவார்.

அவள் புருஷன் சுருளிராஜன், வடகிழக்கு எல்லையில் ரோடு போடும் துறையில் சமையல்காரராக இருந்தவர். இரண்டாயிரத்தொன்று மே மாதம், அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போன சரக்கு விமானம் மூடுபனியில் மலைமேல் மோதியது. பதினெட்டு பேர் போனார்கள். அவரும் போனார். பதினோராம் நாள் ஒரு தகரப் பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. உள்ளே இருந்தது அவர்தானா, இல்லை மலையில் அள்ளிய மண்ணா என்று யாருக்குத் தெரியும்? பெட்டியையே வைத்து அழுதார்கள், பெட்டியையே எரித்தார்கள்.

இதில் வேடிக்கை அவள் மாமனார் வீரணன்தான். கரண்டி பிடிக்கப் போன பயல் எனக்குப் பிள்ளையே இல்லை என்று அஞ்சு வருஷம் மகனோடு பேசாமல் இருந்த மனுஷன் அவர். செத்த மறுநாளே 'வானில் வீரமரணம் எய்திய எங்கள் குலக்கொழுந்து' என்று பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினார். வெங்காயம் உரித்த கை அது, அந்தக் கையில் பேனர்க்காரன் துப்பாக்கியை வரைந்துவைத்திருந்தான். அதையும் கூசாமல் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே அந்த விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்றே தனியாக ஓர் அரசாணை வந்தது. விதவைக்கு ஆயுள் முழுக்க, அல்லது மறுமணம் வரை, மாதாமாதம் பென்சன். ஹேமாவதியின் பேரில் வந்த அந்தக் கடிதத்தை வீரணன்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பின் குத்திய தாளை அப்படியே சின்னமனூருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் மகன் படத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, அரசாணைக்கு ஒரு சந்தனப் பொட்டு. மகனுக்குச் சில வெள்ளி விட்டுப் போகும். அரசாணைக்கு ஒரு வெள்ளி விட்டதில்லை.

பாஸ்புக்கும் அவரிடம்தான். முதல் தேதி ஆனால் மருமகளை பஸ்ஸில் கூட்டிப்போய், கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பணத்தைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். வரும் வழியில் அவர் டீ குடிப்பார், அவள் நின்றுகொண்டிருப்பாள். கைச்செலவுக்கு அவள் திராட்சைத் தோட்டத்துக்குக் கொத்து வெட்டப் போனாள்.

அங்கேதான் மாரிசெல்வத்தைப் பார்த்தாள். தேவாரத்துக்காரர். திராட்சைக் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு ஆள் கூட்டிவரும் மேஸ்திரி. பொண்டாட்டி பிரசவத்தில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பந்தலுக்கடியில் பெண்கள் குனிந்து வேலை பார்க்கும்போது மற்ற மேஸ்திரிகள் நிற்கும் இடத்தில் அவர் நிற்க மாட்டார். அது ஒன்றே ஹேமாவதிக்குப் போதுமாக இருந்தது. ஒரு சீசன் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த சீசன் அவரே கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, சரி என்றாள்.

அவர்கள் கூட்டத்தில் அறுத்துக் கட்டுவது ஒன்றும் பஞ்சமாபாதகம் இல்லை. புருஷன் செத்தாலோ ஒத்துவராமல் போனாலோ, புருஷன் வீட்டார் ஊர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளி அந்தப் பெண் கையில் கொடுத்தால் தீர்ந்தது. அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். வீரணனின் கூடப்பிறந்த மொக்கம்மாள் அப்படி மூன்று பேரைக் கட்டியவள். மூன்று கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆள்தான் வீரணன்.

ஆனால் இரண்டாயிரத்து நாலில் மாரிசெல்வம் வெற்றிலை பாக்கோடு வந்து முறையாகத் துரும்பு கேட்டபோது, வீரணனுக்கு எங்கிருந்தோ மானம் பொத்துக்கொண்டு வந்தது. வானத்தில் செத்தவன் பொண்டாட்டியைக் கவாத்துக்காரனுக்குக் கொடுப்பதா என்றார். அவள் இனி இந்த வீட்டுக் குலதெய்வம் மாதிரி என்றார். கேட்டுக்கொண்டிருந்த மொக்கம்மாள் வெற்றிலையை வாய் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தாள். நல்லகண்ணுவும், கூட இருந்த நாலைந்து பேரோடு சேர்ந்து, அண்ணன் சொல்றதுதான் சரி என்று தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? மகன் சாவுக்கு வந்த விபத்து நிதியில் வீரணன் கட்டிய கோயில் வளைவில் சுருளிராஜன் பேருக்கு மேலே, இன்னும் பெரிய எழுத்தில், நல்லகண்ணு பேர் இருந்தது. குலதெய்வமாம்! குலதெய்வம் மறுநாள் காலையில் மாட்டுச் சாணி அள்ளிக்கொண்டிருந்தது.

கட்டினால் பென்சன் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். அதை அவர் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால்கூட ஹேமாவதி அவரை இவ்வளவு கேவலமாக நினைத்திருக்க மாட்டாள்.

மாரிசெல்வம் காத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வெற்றிலை பாக்கோடு வந்து கேட்டுவிட்டுப் போனார். பெரியகுளத்தில் பதிவு பண்ணிக்கொள்ளலாம், துரும்பும் வேண்டாம் தூணும் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. துரும்பு வாங்காமல் போனால் அவள் அண்ணன் வீட்டை ஊர் தள்ளிவைக்கும், அண்ணன் மகள் அனுஷ்காவை நாளைக்கு யாரும் கேட்டுவர மாட்டார்கள். அதுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பயந்தாங்கொள்ளி என்று தன்னையே பல தடவை திட்டியும் இருக்கிறாள். நாலு வருஷம் பொறுத்த மனுஷன், இரண்டாயிரத்தெட்டு தை மாதம் போடிப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பந்தலுக்கடியில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அவள் அன்றைக்குக் கத்தரியை நிறுத்தவில்லை. சாயந்திரம் வரை வெட்டினாள், வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். ஏன் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷ நவம்பரில், தாலுகா டிரஷரியில் பழைய கிளார்க் மாறிப்போய்த் தேவயானி என்று ஒரு பெண் வந்திருந்தாள். ஃபாரத்தை வாங்கியதும் முத்திரை குத்தாமல், அதை உட்கார்ந்து படித்தாள். அரசாங்க ஆபீசில் ஒருவர் காகிதத்தைப் படிப்பதை ஹேமாவதி அன்றுதான் பார்த்தாள். சாட்சிக் கையெழுத்து இரண்டும் ஒரே ஆள் போட்டதாக இருக்கிறதே என்று தேவயானி கேட்டாள். உண்மைதான். இரண்டாவது ஆளைத் தேடிப் போக அலுப்புப்பட்டு நல்லகண்ணுவே இரண்டையும் போட்டிருந்தார். இது செல்லாது, இந்த மாதம் முடிவதற்குள் வேறு ஃபாரத்தில் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் கோப்பைப் புரட்டினாள். பிறகு ஹேமாவதியை நிமிர்ந்து பார்த்து, சின்ன வயசுதானே, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லையா என்று விசாரித்தாள்.

வீரணன் முந்திக்கொண்டார். "கட்டிக்கிட்டா பென்சன் நின்னுபோகுமுல்லம்மா."

"நிக்காதே. இவங்களுக்குத்தான் நிக்கும். ரெண்டாம் பக்கம், அஞ்சாவது பிரிவு பாருங்க. விதவை மறுமணம் செஞ்சுக்கிட்டா, அன்னையிலேருந்து முழுத் தொகையும் இறந்தவரோட அப்பா அம்மாவுக்கு, அவங்க ஆயுசு வரைக்கும். ஆணையோட நகல் உங்க வீட்டுக்கும் வந்திருக்குமே, படிக்கலையா?"

வீட்டில் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கிறது. முதல் பக்கம் கண்ணாடியைப் பார்த்தும், இரண்டாம் பக்கம் அதன் முதுகுக்குப் பின்னால் அட்டையோடு ஒட்டியும், ஏழு வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு வருஷமாகச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்களே ஒழிய, அந்த வீட்டில் ஒரு ஜென்மம் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஹேமாவதி பத்தாவது படித்தவள். அவளும்தான் பார்க்கவில்லை. தை மாதம் போய்ப் பத்து மாதம். பத்தே மாதம். அவளுக்கு அந்த மேஜையிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீரணன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. மனுஷன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். வரும் வழியில் சின்னமனூரில் இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக மருமகளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு வடையும் வந்தது. அவள் இரண்டையும் தொடவில்லை. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை, வடையை எடுத்துத் தானே தின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வளைவுக்கு முன்னால் ஊரைக் கூட்டிவிட்டார்கள். நல்லகண்ணு சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார். வீரணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். வாழவேண்டிய வயசில் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தனக்கு ராத்தூக்கம் இல்லையாம். மகள் மாதிரியாம். ஊர் என்ன சொன்னாலும் தான் துரும்பு கொடுப்பதாக முடிவெடுத்துவிட்டாராம். ஊர் எதையும் சொல்லவே இல்லையே! நல்லகண்ணு, அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சுற்றிலும் பார்த்தார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எந்தத் தலைகள் நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடினவோ அதே தலைகள்.

"அந்தத் தேவாரத்துக்காரருக்கு நானே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்த்தா" என்றார் வீரணன்.

மொக்கம்மாள்தான் எழுந்து உண்மையைச் சொன்னாள். "அவுக தையிலயே கட்டிக்கிட்டாகப்பா. அவுக கட்டுன போடிப் பிள்ள இப்ப மாசமா இருக்கு."

வீரணன் ஒரு நிமிஷம் முழித்தார். ஒரே ஒரு நிமிஷம். அப்புறம், அவன் இல்லாவிட்டால் என்ன, லோயர் கேம்ப்பில் பொண்டாட்டியை இழந்த லாரிக்காரர் ஒருத்தர் இருக்கிறார், வயசு அம்பத்தஞ்சுதான், தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் கைவசம் வைத்திருந்தார். வீட்டில் நிற்கும் கிடாரிக்குக்கூட அவர் இத்தனை அவசரமாக ஆள் பார்த்ததில்லை. குனிந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கிள்ளி அவள் பக்கம் நீட்டினார்.

ஹேமாவதி கையை நீட்டவில்லை. இவர்களைப் பார்த்தா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது. இடுப்பில் செருகியிருந்த புது ஃபாரத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தாள்.

"துரும்பு வேணாம் மாமா. இதுல கையெழுத்துப் போடுங்க. நாட்டாமையும் போடட்டும். இந்தத் தடவ ரெண்டு பேரும் தனித்தனியாப் போடணும்."

வீரணனுக்குப் புரியவில்லை. அதுதான் கட்டப்போகிறாளே, இன்னும் எதற்கு இந்த ஃபாரம் என்று கேட்டார்.

"நான் யாரையும் கட்டப்போறதில்ல" என்றாள் அவள். "நான் கட்டுனாத்தான அது உங்களுக்கு வரும்? கட்ட மாட்டேன். எனக்குன்னு ஒருத்தரு இருந்தாக, அவுகள நாலு வருசம் உங்க வாசல்ல நிக்க வச்சுத் தொரத்திவிட்டீக. இனிமே என் பென்சன் எனக்கு. பாஸ்புக்கையும் சாயந்திரத்துக்குள்ள எடுத்துக் குடுத்துருங்க. உங்களுக்கும் அத்தைக்கும் சோறு போடுவேன். நான்தான் போடுவேன்."

வீரணன் நல்லகண்ணுவைப் பார்த்தார். நல்லகண்ணு தன் பேர் எழுதியிருந்த வளைவைப் பார்த்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று வீரணன் எழுந்துவிட்டிருக்கலாம். ஆனால் இந்த மாதம் முடிவதற்குள் ஃபாரம் போகாவிட்டால் பென்சன் யாருக்குமே வராது என்று தேவயானி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. வராது என்ற சொல்லை அந்த மனுஷன் ஏழு ஜென்மத்துக்கும் தாங்க மாட்டார். பேனாவை வாங்கினார். மேற்படி விதவை மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று, அவளைக் கட்டிக்கொடுக்கக் கூட்டிய கூட்டத்தில், அவரே முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். நல்லகண்ணு கழுத்தைப் பார்க்காமல் போட்டார்.

அவள் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று மனசு ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. பிறகு, எதை ஜெயித்தாய் என்று அதுவே கேட்டது. அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. இனி ஒவ்வொரு நவம்பரிலும் அவள் தானாகவே போய் இந்தச் சான்றைக் கேட்டு வாங்குவாள்.

வீட்டு முற்றத்தில் மாமியார் சங்கிலியம்மாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வராதவள். சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மருமகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏத்தா, அந்தத் தேவாரத்துப் பிள்ள நல்லவகளா?"

ஹேமாவதி ஃபாரத்தை ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"இதக் கேக்க உங்களுக்கு நாலு வருசம் இருந்துச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.