துணி நனையுது

இந்தப் பிள்ளைகளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. எங்கள் பழைய நாடகக் குழுவின் வரலாறு என்று ஒரு கூடம் நிறையப் படங்களை மாட்டி, வாசலில் பெரிய எழுத்தில் "துணி நனையுது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதையே பனியனில் அச்சடித்து, ஊர்வலத்தில் கோஷமாகவும் போடுகிறார்களாம். "அது கோஷம் இல்லடி, அபாயச் சங்கு" என்று சொன்னால், "செம ஆன்ட்டி" என்று கட்டிப்பிடிக்கிறார்கள். இவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள் நான். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது குழுவில் என் வேலை. ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள், என்னைப் போன்றவர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு மூடிய அச்சகத்தின் பின்முற்றத்தில் எங்கள் கதையை நாங்களே நடித்தோம். போலீஸ் வந்தால் கூண்டோடு அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் எந்த நாடகம் போட்டாலும் கைவசம் இன்னொன்று தயாராக இருக்கும்: குடிகாரப் புருஷன் திருந்துகிற கதை. வாசலில் காவல் நிற்பவர் "துணி நனையுது" என்று குரல் கொடுத்தால் போதும். மேடையில் கைகோத்து நிற்கும் இரண்டு ஆண்களில் ஒருவன் மேசைக்கடியில் இருக்கும் சால்வையை எடுத்து முக்காடு போட்டு, "என்னங்க, இன்னைக்கும் குடிச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று மூக்கைச் சிந்துவான். மற்றவன் தள்ளாடுவான். ஒருமுறை இன்ஸ்பெக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

தள்ளாடுவதில் மன்னன் எங்கள் பல்லன். பகலில் பல் செட் செய்யும் வேலை, அதனால் வந்த பெயர். முக்காடு போடுகிறவன் எலக்ட்ரீஷியன். மேடைக்கு வெளியிலும் இருவரும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தியவர்கள்தான். அது எங்களுக்குத் தெரியும், பல்லனின் அக்காவுக்குத் தெரியாது. அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள்.

"வீட்டுல சொல்லலாம்னு வாயைத் தொறந்தா நாக்கு ஒட்டிக்குது. மேடைன்னா எனக்குப் பயமே கிடையாது. அங்க வச்சு சொல்லிடுறேன்," என்றான் பல்லன் ஒரு நாள்.

புது நாடகம் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு சிநேகிதர்களின் வேடிக்கைக் கதையாகப் போகும். அவர்கள் யார் என்பது கடைசி வசனத்தில்தான் உடையும். அந்த வசனத்தைத் தன் அக்காவுக்கென்றே அவன் மாற்றி எழுதினான். அவளை வரச் சொல்லிப் போன் போட்டான். "நான் தடுமாறினா நீ எடுத்துக்குடுடி. இதுல மட்டும் என்னைக் கைவிட்டுடாத," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா வந்தாள். கடைசி வரிசையில், முற்றத்துக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துவைத்த வேஷத் துணியெல்லாம் அந்தக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்ததை நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கடைசிக் காட்சியும் வந்தது. பல்லன் எழுந்து எலக்ட்ரீஷியன் கையைப் பிடித்தான். நான் அந்தக் கடைசி வசனத்தை உதட்டில் தயாராக வைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது. சலவைக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ, துணி நனையுது! துணி நனையுது!"

எங்களில் ஒருவருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. உடம்பு அப்படிப் பழகிப்போயிருந்தது. எலக்ட்ரீஷியன் முக்காட்டைப் போட்டு மூக்கைச் சிந்தினான். பல்லன் தள்ளாடினான். நான்கூட, பாவி, குடிகாரன் வசனத்தைத்தான் எடுத்துக்கொடுத்தேன். வாசலில் போலீஸும் இல்லை, பூனையும் இல்லை என்று தெரிவதற்குள் புருஷன் திருந்தி, கைதட்டலும் வாங்கிவிட்டான்.

அக்கா ஈரத் துணிமூட்டையோடு மேடைக்கு வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நடுவுல கதை கொஞ்சம் புரியல. ஆனா புருஷனா எவ்வளவு பொருத்தமா இருந்தடா! உன்னைப் பத்தி ஊருல கண்டதையும் பேசுறாங்க. பயந்துக்கிட்டேதான் வந்தேன். என் வயித்துல பாலை வார்த்துட்ட தம்பி."

நான் அவனைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போய், "இப்பவாவது சொல்லித் தொலையேண்டா!" என்று பல்லைக் கடித்தேன்.

"வார்த்த பாலை எப்படிடி திருப்பி எடுக்குறது?" என்றான்.

அதோடு சரி. அவள் பெண் பார்ப்பதும் இவன் சாக்குச் சொல்வதுமாகவே காலம் போனது. வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டான். பிறகு நோயில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அக்கா உடலை எடுத்துப்போக வந்தபோது எலக்ட்ரீஷியன் வாசலில் சாவுக்கு எடுத்த வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்றைக்கோ மேடையில் பார்த்த முகம் அவளுக்கு நினைவில்லை. "கூட வேலை பாக்குறவரா?" என்று கேட்டாள். தலையாட்டினான். வாய்விட்டு அழக்கூட உரிமையில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தானே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்று காலை அக்கா இந்தக் கூடத்துக்கு வந்தாள். தம்பியின் படம் பேப்பரில் வந்திருந்ததாம். அவளுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. வாசலில் நின்ற பிள்ளை, போலீஸ், காவல், இரண்டாவது நாடகம் என்று அந்த வாசகத்தின் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தது. நான் எழுந்து போய் அதன் வாயைப் பொத்துவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

அக்கா என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். "அன்னைக்குப் போலீஸ் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா," என்றேன் கூசாமல்.

"பொய் சொல்லாதம்மா. தூறல் விழுந்துச்சு. நான்தானே கத்துனேன்."

நான் எழுந்து என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை.

"அவன் என்ன சொல்ல இருந்தான்?"

எனக்கு மறக்குமா? பழைய வழக்கப்படி தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுத்தேன். "அக்கா, இவர் என் சிநேகிதர் இல்ல. இவரோடதான் நான் குடும்பம் நடத்துறேன். உன் கையால எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வாய் சோறு போடுவியா?"

"போட்டிருப்பேன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. அன்னைக்கு என்ன செஞ்சிருப்பேனோ, சத்தியமாத் தெரியல. அவன் கேக்கவாவது விட்டிருக்கலாம்ல? என் வாயாலேயே கெடுத்துக்கிட்டேனே."

மூலையில் ஏணிமேல் நின்று எலக்ட்ரீஷியன் பல்லனின் படத்துக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் பாதி வேலையில் இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கப் பார்த்தான்.

"நாற்காலி தூக்குனவரு," என்றாள் அக்கா.

"ஆமாக்கா. அவர்தான்."

போய் அவன் ஏணியின் ஒரு முனையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.